பிரேசில் இரண்டாவது மாடியில் இருந்தது

காலை ஏழேகாலுக்கு எங்கள் விடுதியில் நான்கு ஆசியர்கள் ஒரே தட்டு இட்லியை நான்கு விதமாகப் பார்த்தார்கள். ஆசியாவுக்கு ஒரே வாய் இல்லை என்பது எனக்கு உறைத்தது அப்போதுதான்.

கொரியாக்காரர் இட்லியைப் புதுச் சோப்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார். உஸ்பெகிஸ்தான்காரர் அதன் அடியில் ரொட்டி ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று முள்கரண்டியால் தூக்கிப் பார்த்தார். ஓமன்காரர் தன் ஊரில் மலையாளி ஓட்டல்களில் தின்று தேறியவர். அவர் இட்லியை விட்டுவிட்டு, சாம்பார் ஏன் தண்ணியாக இருக்கிறது என்று விசாரித்தார். பிலிப்பைன்ஸ்காரர் மட்டும் "பூத்தோ! பூத்தோ!" என்று கூவிவிட்டார். அவர்கள் ஊரிலும் அரிசி மாவை இப்படி ஆவியில் அவிப்பார்களாம். படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பிவிட்டு ஆறு இட்லி சாப்பிட்டார்.

பரிமாறும் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து சமையல்காரர் செல்வம் அண்ணன் தலையை நீட்டினார்.

"இன்னா பாப்பா, ஆசியா ஆசியான்னு எழுதிக்கினு வரியே, அந்த ஆசியாவுக்கு இன்னாதான் நாஷ்டா? ஒரு ஐட்டம் சொல்லு. நாலு பேரும் துன்ற மாதிரி ஒரே ஒரு ஐட்டம்."

நான் புவியியல் பட்டதாரி. கண்டங்கள், தட்பவெப்பம், பருவக்காற்று எல்லாம் படித்து மெடல் வாங்கியவள். ஆசியாவின் பரப்பளவைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆசியாவின் நாஷ்டா தெரியவில்லை. வரைபடத்தில் இந்த நான்கு பேரையும் ஒரே நிறத்தில் தீட்டியிருந்தார்கள். தட்டில் பார்த்தால் நான்கு நிறம். அப்படியானால் வரைபடத்தைத் தட்டை வைத்து ஏன் திருத்தக் கூடாது?

இதைப் பணி ஓய்வு பெற்ற ஒருவரின் நினைவுகளாகத்தான் எழுதுகிறேன். ஓய்வு பெறும்போது எனக்கு வயது இருபத்தாறு. சிரிக்க வேண்டாம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை இது சகஜம். இருபத்திரண்டில் சேர்கிறோம். ஒப்பந்தம் முடிகிற அன்று கேக் வெட்டுகிறார்கள், குரூப் போட்டோ எடுக்கிறார்கள், கழுத்து அட்டையைக் கழற்றி வாங்கிக்கொள்கிறார்கள். அறுபது வயதில் நடக்கவேண்டியது முப்பத்துநாலு வருடம் முன்னதாக நடந்துவிடுகிறது, அவ்வளவுதான். மறைமலை நகரில் இன்னொரு விடுதியில் வரவேற்பு மேசையில் இருக்கும் ரம்யா போன வாரம் போன் செய்தாள். "அக்கா, இங்க யார் எந்த மாடின்னு கம்ப்யூட்டரே பிரிச்சுக் குடுக்குது. டெய்லி சண்டை. நீங்க எப்படிப் பிரிச்சீங்கன்னு எழுதிக் குடுங்களேன்." எழுதித் தருகிறேன் ரம்யா. ஆனால் நான் எப்படிப் பிரித்தேன் என்பதோடு எங்கே குப்புற விழுந்தேன் என்பதையும் சேர்த்துத்தான் தருவேன்.

பயிற்சிக் காலம் மூன்றே நாள். முதல் நாள் பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்யக் கற்றேன். இரண்டாம் நாள் வெளிநாட்டவர் தங்கினால் அரசுக்கு ஆன்லைனில் அனுப்பவேண்டிய படிவத்தை நிரப்பக் கற்றேன். மூன்றாம் நாள், எந்த விருந்தினர் என்ன கேட்டாலும் "ஷ்யூர் சார்" என்று சொல்லிவிட்டு செல்வம் அண்ணனிடம் ஓடக் கற்றேன்.

விடுதி ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே இருந்தது. புதிதாக வந்துகொண்டிருந்த தொழிற்சாலைகளில் இயந்திரம் நிறுவ வரும் வெளிநாட்டுப் பொறியாளர்கள் அங்கே தங்குவார்கள். தரைத்தளத்தில் வரவேற்பும் சமையலறையும். மேலே மூன்று மாடி, மாடிக்கு ஒரு சாப்பாட்டு மேசை, ஒரு பரிமாறும் ஜன்னல். முதல் மாடி ஆசியா, இரண்டாவது ஐரோப்பா, மூன்றாவது ‘மற்றவை’ என்பது விடுதியை நடத்திய ஒப்பந்த நிறுவனத்தின் உத்தரவு. யாருக்கு எந்த மேசையோ அதற்கேற்ற சாப்பாடு.

மேலாளர் ஸ்டெல்லா மேடம். சேரப்பணஞ்சேரிக்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எதையும் இரும்பு ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து, ஒவ்வொரு வரியாக ஸ்கேலைக் கீழே இறக்கித்தான் படிப்பார். படித்து முடித்ததும் ஸ்டேப்ளரால் இரண்டு பின் அடிப்பார். எப்போதும் இரண்டு. ஒன்று போதாதா என்று சேர்ந்த புதிதில் கேட்டுவிட்டேன். "ஒன்னு அடிச்சா பேப்பர் சுத்தும்" என்றார். ஒரு யோசனை பிடித்திருந்தால் "பாக்கலாம்" என்பார். பிடிக்காவிட்டாலும் அதே "பாக்கலாம்"தான். கோபம் வந்துவிட்டது என்பதை மட்டும் ஒரே அடையாளத்தால் கண்டுபிடிக்கலாம். வழக்கமாக நம்மை "நீ" என்பவர், அன்றைக்கு "நீங்க" என்பார். அந்த மரியாதை கிடைத்த நாளில் யாருக்கும் மதியச் சோறு இறங்காது.

விடுதியில் எல்லோரும் பயந்தது மஞ்சள் சீட்டுக்கு. விருந்தினர் புகார் எழுதும் சீட்டு அது. அறை, வண்டி, சமையலறை, வரவேற்பு என்று நான்கு கட்டம் இருக்கும். எதன்மீது புகாரோ அதில் டிக் அடித்து, கீழே எழுதிப் பெட்டியில் போடவேண்டும். சமையலறைமீது மாதத்துக்கு ஐந்து சீட்டு வரை நிறுவனம் பொறுத்துக்கொள்ளும். ஆறாவது வந்தால் சமையலறையைப் பூட்டிவிட்டு, எங்கோ ஒரு மையக் கூடத்தில் சமைத்து டப்பாவில் அடைத்து வரும் சாப்பாட்டுக்கு மாறிவிடுவதாக எழுத்தில் எச்சரித்திருந்தார்கள்.

சமையலறை பூட்டப்பட்டால் செல்வம் அண்ணன் பழைய வேலைக்கே திரும்பவேண்டியதுதான். வல்லக்கோட்டைக்காரர். நிலத்தைத் தொழிற்பேட்டைக்குக் கொடுத்த பிறகு ஒரு தொழிற்சாலை கேன்டீனில் ஒன்பது வருடம் நீராவிக் கொப்பரையில் சாம்பார் வைத்தவர்.

"ரெண்டாயிரம் பேருக்கு ஒரே சாம்பாரு பாப்பா" என்பார். "எவன் துன்றான், எவன் கொட்டறான், ஒன்னியும் தெரியாது. ஆவிதான் தெரியும். இங்க வந்துதான் துன்றவன் மூஞ்சியப் பாக்கறேன். மறுக்கா அந்தக் கொப்பரையாண்ட என்னிய அனுப்பிடாத."

இட்லி நாளுக்கு அடுத்த நாளே நான் ஒரு திட்டத்தோடு ஸ்டெல்லா மேடம் முன்னால் நின்றேன். பாஸ்போர்ட்டை நம்பக் கூடாது. அது நாட்டைத்தான் சொல்லும், மண்டலத்தைச் சொல்லாது. மண்டலம் என்றால் நிலமும் பழக்கமும் சேர்ந்தது. நெல் விளைகிற ஈரநிலம், கோதுமை விளைகிற காய்ந்த நிலம், மாடு மேய்கிற குளிர்நிலம். அந்தந்த நிலம் அங்கங்கே இருப்பவர்களின் வாயில் என்னத்தைப் பழக்கியிருக்கிறதோ, அதுதான் எல்லைக்கோடு. ஆகவே மாடிகளைக் கண்டத்தின்படி பிரிக்காமல் வாயின்படி பிரிப்போம்.

ஸ்கேல் என் காகிதத்தின் கடைசி வரிவரை இறங்கியது.

"பாக்கலாம்" என்றார்.

இதுதான் செய்முறை, ரம்யா. விருந்தினர் வந்த முதல் பத்து நிமிடத்தில் மூன்று விஷயம் கவனிக்கவேண்டும். முதலாவது, செருப்பு. அறை வாசலுக்கு வெளியே கழற்றுகிறாரா, உள்ளே போய்க் கழற்றுகிறாரா, கட்டில் வரைக்கும் போட்டுக்கொண்டு போகிறாரா? இரண்டாவது, அவர் கேட்கும் முதல் தண்ணீர். சுடுதண்ணீரா, ஐஸ் தண்ணீரா, பொங்குகிற சோடாவா? மூன்றாவது, சாவியைக் கொடுக்கும்போது பேச்சுவாக்கில் ஒரு கேள்வி. "விமானத்தில் சாப்பாடு நன்றாக இருந்ததா?" யாரும் நன்றாக இருந்தது என்று சொல்லமாட்டார்கள். என்ன இல்லை என்று சொல்வார்கள். சோறு இல்லை என்பார்கள், ரொட்டி காய்ந்திருந்தது என்பார்கள், காப்பி கண்ராவி என்பார்கள். அதுதான் அவர்கள் மண்டலம்.

முதல் மாடி ரொட்டி-தேநீர் மண்டலம் ஆயிற்று. துருக்கிக்காரர்களும் உஸ்பெகிஸ்தான்காரர்களும் அங்கே. இரண்டாவது மாடி சோற்று மண்டலம். கொரியா, ஜப்பான், பிலிப்பைன்ஸ். மூன்றாவது மாடி காப்பி-வெண்ணெய் மண்டலம். ஜெர்மனி, இத்தாலி வகையறா. சாம்பார் தெரிந்த ஓமன்காரர் தானாகவே சோற்று மாடியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

புகார் சடாரெனக் குறைந்துவிட்டது. அதற்கு முந்தின மாதம் சமையலறைமீது ஐந்து சீட்டு. அந்த மாதம் ஒன்றே ஒன்று, அதுவும் சாம்பார் பற்றி. யாரென்று சொல்லவேண்டியதில்லை. எனக்குத் தரையில் கால் பாவவில்லை. வரவேற்பு மேசைக்குப் பின்னால் என் கையால் வரைந்த உலகப்படம் ஒன்றை ஒட்டிவைத்தேன். கண்டங்களுக்குப் பதிலாக மூன்று நிறம். செல்வம் அண்ணன் என்னை ‘டீச்சரம்மா’ என்று கூப்பிட ஆரம்பித்தார். பாதி கிண்டல், பாதி நன்றி.

நிறுவனத்துக்குப் போகும் மாத அறிக்கையை எழுதும்போது ஸ்டெல்லா மேடம் ஸ்கேலை ஓரிடத்தில் நிறுத்தினார்.

"பிரேசில்காரர எங்க வெச்சிருக்க?"

"ரெண்டாவது மாடி, மேடம்."

"ஜப்பான் பக்கத்துலயா?"

"ஆமா மேடம்."

"அது எந்தக் கண்டம்?"

"சோறு, மேடம்."

ஸ்கேல் நகரவில்லை.

"அவங்க ஊர்ல தினமும் சோறுதான் மேடம். கூட அவரைப் பருப்பு. மூணு சோதனையிலயும் பாஸ் பண்ணிட்டாரு. இப்ப அந்த ஜப்பான்காரரு ஊறுகாய இவர் கேட்டு வாங்கிச் சாப்பிடறாரு."

"பாக்கலாம்" என்று சொல்லி இரண்டு பின் அடித்தார். அன்றிலிருந்து அவருடைய தொழிற்சாலை வேலை முடியும்வரை பிரேசில் எங்கள் கிழக்கு ஆசியாவிலேயே இருந்தது. அதனால் யாருக்கும் ஒரு குறையும் வரவில்லை.

அடுத்த வருடத்தில் ஒரு மாதம் எல்லாமே கோணலாகப் போனது. எரிவாயு இரண்டு நாள் வரவில்லை. மழையில் காய்கறி வண்டி மாட்டிக்கொண்டது. இருபதாம் தேதிக்குள்ளேயே சமையலறைமீது ஐந்து மஞ்சள் சீட்டு விழுந்துவிட்டது. இன்னும் ஒன்று விழுந்தால் பூட்டு. செல்வம் அண்ணன் தினமும் காலையில் புகார்ப் பெட்டியை முகர்ந்து பார்க்காத குறை.

அந்த நேரம் பார்த்து வந்தார் அர்கதி கிம்.

ஐம்பது வயது இருக்கும். ஒடிசலான உடம்பு, ஒரே ஒரு பழைய பெட்டி. கொரியப் பொறியாளர்கள் வந்த அதே வேனில் வந்து இறங்கினார். பாஸ்போர்ட் கஜகஸ்தான் என்றது. பெயர் கிம் என்றது. முகமும் கிம் என்றே சொன்னது. செருப்பை வாசலுக்கு வெளியே கழற்றினார். சுடுதண்ணீர் கேட்டார். விமானச் சாப்பாடு எப்படி என்று கேட்பதற்குள் வேன் டிரைவர் கூப்பிட்டுவிட்டார், மூன்றாவது கேள்வி விட்டுப்போனது. பாஸ்போர்ட்டை நம்பாதே என்பதுதானே என் கொள்கை? கிம் சாரை இரண்டாவது மாடியில் கொரியர்களோடு வைத்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

காலையில் மேசையிலிருந்த கொரியர்கள் எழுந்து குனிந்து வணங்கி, அவரிடம் கொரிய மொழியில் மடமடவென்று பேசினார்கள். அவர் திருதிருவென விழித்தார். பிறகு ருஷ்ய மொழியில் ஏதோ சொன்னார். அவர்கள் விழித்தார்கள். அதற்குப் பிறகு அந்த மேசையில் எல்லோரும் மிகுந்த மரியாதையோடு ஆங்கிலத்தில் மௌனமாக இருந்தார்கள்.

செல்வம் அண்ணன் ஓடிவந்தார். "டீச்சரம்மா, உன் கிம் சாரு சோத்துக்கு ரொட்டி தொட்டுக்கினு துன்றாரு! சோறும் வேணும்னாரு, ரொட்டியும் வேணும்னாரு. இது எந்த மண்டலம்?"

மண்டலம் எதுவும் இல்லை. தேநீரும் கடும் கறுப்பாகக் கேட்டார். சரி, ரொட்டி-தேநீர்தான் என்று முடிவு கட்டி, மூன்றாம் நாள் முதல் மாடிக்கு மாற்றினேன். அங்கே உஸ்பெகிஸ்தான்காரர் அவரோடு ருஷ்ய மொழி பேசினார். ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் பக்கத்து நாற்காலித் துருக்கிக்காரர் ஒவ்வொரு வேளையும் புதிதாக "நீங்கள் சீனாவா?" என்று கேட்டார். இரண்டாவது மாடியிலிருந்து சோற்று வாசனை இறங்கி வரும்போது கிம் சாரின் தலை தானாக மேலே நிமிர்வதை நான் படிக்கட்டிலிருந்து பார்த்தேன். பாதி ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. பதற்றத்தில் இருந்தேன். கத்தி, முள்கரண்டி பிடிக்கிற லாவகத்தைப் பார்த்து ஆறாம் நாள் மூன்றாவது மாடிக்கு, ஜெர்மன்காரர்களிடம் அனுப்பினேன். ஒவ்வொரு முறையும் அவரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினார், படியிறங்கினார். லிஃப்ட் இருக்கிறது என்றாலும் கேட்கவில்லை. மூன்றாவது முறை என் மேசைமுன் நின்று, ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லாகத் தேடி எடுத்துக் கேட்டார்.

"நான் ஏதாவது தப்பு செய்துவிட்டேனா?"

எனக்குப் பின்னால் என் உலகப்படம் மூன்று நிறத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. "இல்லை சார், உங்கள் வசதிக்காகத்தான்" என்றேன். சொன்னதும் எனக்கே அசிங்கமாக இருந்தது.

மறுநாள் ஞாயிறு. மதியச் சமையல் முடிந்து சமையலறையைக் கழுவிவிட்ட நேரம். உள்ளிருந்து குரல் வந்தது.

"டீச்சரம்மா, சீக்கிரம் வா! உன் கிம் சாரு ஒரு பை கேரட்டோட அடுப்பாண்ட நிக்கிறாரு. சைகையில கத்தி கேக்கறாரு."

"எதுக்காம்ண்ணா?"

"அது எவனுக்குத் தெரியும்? மூஞ்சியப் பாத்தா கோவம் மாதிரி இல்ல. பசி மாதிரி கீது."

நான் போவதற்குள் அண்ணன் கத்தியைக் கொடுத்துவிட்டிருந்தார். தன் சொந்தக் கத்தி. அதை வேறு யாரும் தொட்டால் அன்றைக்கெல்லாம் முணுமுணுப்பவர். கிம் சார் கேரட்டை முடிக்கற்றைபோல மெல்லிசாகச் சீவினார். அண்ணன் இடுப்பில் கைவைத்து மேற்பார்வை பார்த்தார். "பரவால்ல, கை பழகின கை" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

சீவிய கேரட்டில் உப்பு, கொஞ்சம் சர்க்கரை, வினிகர். பிசறி ஊறவிட்டு, பூண்டை நசுக்கி மேலே வைத்தார். பிறகு எதையோ தேடினார். அலமாரி முழுக்கக் கண்ணை ஓட்டி, அஞ்சறைப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு கிண்ணமாக முகர்ந்து, தனியாவில் வந்து நின்றார். அவர் முகத்தில் ஊரிலிருந்து யாரோ வந்து இறங்கியதுபோல் ஒரு வெளிச்சம். தனியாவைப் பொடித்து, மிளகாய்த்தூளோடு பூண்டின்மேல் குவித்தார். எண்ணெயைப் புகைய வைத்தார். அப்படியே எடுத்து அந்தக் குவியலின்மேல் ஊற்றினார்.

சொய்ங்.

"அட!" என்று கத்தினார் செல்வம் அண்ணன். "தாளிக்கிறாரு! டீச்சரம்மா, இந்தாளு தாளிக்கிறாரு!"

அடுத்த நொடி அண்ணன் கையில் கடுகுக் கிண்ணம். "போடு சார், கடுகு போடு."

கிம் சார் இரண்டு கையாலும் பாத்திரத்தை மூடிக்கொண்டார். "நோ, நோ, நோ!"

"இன்னா நோ? கடுகு இல்லாம தாளிப்பா? எவனாவது கேட்டா சிரிப்பான். கொஞ்சூண்டு சார்."

"நோ!"

"பிடிவாதத்தப் பாரேன்! அசப்புல எங்க மாமனாரு."

பாதி கேரட்டை வேறு பாத்திரத்துக்கு மாற்றி அதில் கடுகு தாளிப்பது என்று சமாதானம் ஆயிற்று. மூவரும் நின்றுகொண்டே சாப்பிட்டோம். புளிப்பு, காரம், நறுக்கென்ற கேரட். கிம் சார் சோறும் ரொட்டியும் சேர்த்துத் தின்றார். ஏழு நாளில் அவர் தட்டைக் காலி செய்து அன்றுதான் பார்த்தேன். அதற்குப் பிறகுதான், அவர் வந்த அன்றைக்கே கேட்டிருக்கவேண்டியதைக் கேட்டேன்.

அவர் பாட்டனார் கொரியாவிலிருந்து வடக்கே, ருஷ்யப் பக்கம் குடியேறியவர். அங்கிருந்து ஒருநாள் அவர்கள் எல்லோரையும் ரயிலில் ஏற்றி, பல நாள் ஓட்டி, கஜகஸ்தான் சமவெளியில் இறக்கிவிட்டார்கள். அவர்களுடைய காரமான ஊறுகாய்க்கு வேண்டிய கோஸ் அங்கே கிடைக்கவில்லை. கேரட் கிடைத்தது. தனியா அந்த ஊர்ச் சந்தையில் இருந்தது. அப்படிப் பிறந்ததாம் இது. அங்கே எல்லோரும் இதைக் ‘கொரியக் கேரட்’ என்பார்களாம். கிம் சார் பயிற்சிக்காக முதல்முறை கொரியாவுக்குப் போனபோது ஆசையாக ஓட்டலில் கேட்டிருக்கிறார். அப்படி ஒரு பண்டம் இருப்பதே அங்கே யாருக்கும் தெரியவில்லை.

நான் தமிழில் சொல்லச் சொல்ல அண்ணன் வாயைப் பிளந்து கேட்டார். "அப்ப இது எந்த ஊரு ஐட்டம்? கேளு."

கேட்டேன். கிம் சார் தோளைக் குலுக்கினார். "ட்ரெயின்" என்றார். சிரித்தார்.

திங்கட்கிழமை மாதத்தின் கடைசி நாள். ஏழேகாலுக்கு கிம் சார் இறங்கி வந்து என் மேசைமுன் நின்றார். "மஞ்சள் காகிதம், ப்ளீஸ்."

கொடுத்தேன். வேறென்ன செய்ய? சோபாவில் உட்கார்ந்து, பேனாவை எடுத்து, நெடுநேரம் எழுதினார். மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வேனில் ஏறிப் போய்விட்டார். சமையலறை வாசலில் கரண்டியோடு நின்ற செல்வம் அண்ணன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டிச் சாவி ஸ்டெல்லா மேடத்திடம். அவர் வருவது பத்து மணிக்கு. அந்த இரண்டே முக்கால் மணி நேரத்தில் அண்ணன் என் மேசைக்கு எத்தனை தடவை வந்தார் என்று தெரியாது.

"நேத்து நல்லாதானே துன்னாரு?"

"நல்லாத்தான் சாப்பிட்டாருண்ணா."

திரும்பிப் போய், மறுபடி வந்தார். "கடுகுதான். கடுகுக்குத்தான் எழுதிட்டாரு. நான் கம்முனு இருந்திருக்கலாம். அவரு வாணாம் வாணாம்னாரு. ஒன்பது வருசம் கொப்பரை, இப்ப ஒரு ஸ்பூன் கடுகால மறுக்கா கொப்பரை."

எனக்கு வேறு கணக்கு. கடுகு இல்லை, மாடிதான். எழுதியவர் எந்தக் கட்டத்தில் டிக் அடித்திருப்பார்? தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்த மனிதர், சமையலறையில்தானே அடிப்பார்? தப்பு என்னுடையது, பூட்டு அண்ணனுக்கு.

பத்து மணி. மேடம் பெட்டியைத் திறந்து, சீட்டைப் பிரித்து, ஸ்கேலை வைத்தார். வரி வரியாக இறங்கியது. கடைசி வரியில் நின்றது. மறுபடி மேலே போய் மறுபடி இறங்கியது. அப்படி இரண்டு முறை அவர் படித்து நான் பார்த்ததில்லை.

"உள்ள வாங்க" என்றார்.

வாங்க. அந்த மரியாதை வந்துவிட்டது. வாசலில் அண்ணன் கரண்டியை மறு கைக்கு மாற்றினார்.

"படிங்க. சத்தமா."

ஆங்கிலத்தில் இருந்தது. அண்ணனுக்காகத் தமிழில் படித்தேன். "எட்டு நாளில் என்னை மூன்று மாடியில் வைத்தார்கள். ஒவ்வொரு மாடியிலும் நான் யார் என்று முதலில் முடிவு செய்தார்கள், பிறகு சாப்பாடு போட்டார்கள். சமையலறையில் முதலில் கத்தியைக் கொடுத்தார்கள், பிறகுதான் எந்த ஊர் என்று கேட்டார்கள். நான் அங்கேயே சாப்பிட அனுமதி வேண்டும்."

டிக் ‘வரவேற்பு’ என்ற கட்டத்தில் இருந்தது.

"சமையலறை அஞ்சோட நிக்குது" என்றார் மேடம். "இது உங்க பேர்ல. பாஸ்போர்ட்ட ஏன் நம்பல?"

"நாடு வேற, மண்டலம் வேற மேடம்."

"சரி. அவர நம்பினீங்களா? கேட்டீங்களா?"

மேடம் என் பணிக் கோப்பைத் திறந்து, அந்தச் சீட்டை வைத்து, இரண்டு பின் அடித்தார்.

வெளியே வந்தேன். அண்ணன் என்னை ஓரமாக இழுத்தார்.

"அப்ப கடுகப் பத்தி ஒன்னியும் எழுதல?"

"எழுதலண்ணா."

"அப்ப பிடிச்சிருக்கு. நாளிக்கு இன்னும் கொஞ்சம் சேத்துப் போடலாம்."

அன்று மதியம் முதல் கிம் சார் காய் நறுக்கும் மேசையின் ஓரத்தில் சாப்பிட்டார். நான்காம் நாள் பிரேசில்காரர் கேரட்டின் வாசனைக்கு எட்டிப் பார்த்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவருக்குப் பின்னால் உஸ்பெகிஸ்தான்காரர். செல்வம் அண்ணன் அந்த மேசைக்கு நாலாவது மாடி என்று பெயர் வைத்தார். கட்டடத்துக்கே மூன்று மாடிதான், சமையலறை இருப்பதோ தரைத்தளம். ஆனாலும் "கிம் சார் எங்கே?" என்று யாராவது கேட்டால், "நாலாவது மாடில கீறாரு" என்பார் கொஞ்சமும் சிரிக்காமல். புதிதாக வந்த ஒரு ஜெர்மன்காரர் லிஃப்டில் நான்காம் எண்ணைத் தேடி, எனக்கு இன்னொரு மஞ்சள் சீட்டு எழுதப் பார்த்தார். காப்பி கொடுத்துச் சமாளித்தேன்.

ரம்யா, என் மூன்று நிறப் படத்தைக் கிழித்துவிட்டேன் என்று நினைக்காதே. அது நிறைய பேருக்குச் சரியாகவே இருந்தது. இன்றைக்கும் பிரேசில் விஷயத்தில் நான் பின்வாங்குவதாக இல்லை. மூன்று சோதனையும் செய். ஆனால் நான் விட்ட அந்த மூன்றாவது கேள்வியை எந்த டிரைவர் கூப்பிட்டாலும் விடாதே. பதில் எந்த நிறத்திலும் அடங்கவில்லை என்றால், அவரை மாடி மாடியாக அலையவிடாமல் சமையலறைக்கு அழைத்துப் போ.

இயந்திரங்கள் எல்லாம் நிறுவியாகிவிட்டன, வெளிநாட்டவர் கிளம்பிவிட்டார்கள். விடுதி இப்போது தொழிற்சாலைப் பெண்களுக்கான ஹாஸ்டல். செல்வம் அண்ணன் அதே அடுப்பில், முகம் பார்த்துப் பரிமாறிக்கொண்டுதான் இருக்கிறார். என் ஒப்பந்தம் முடிந்தது. கேக் வெட்டி, கழுத்து அட்டையைக் கொடுத்த பிறகு, ஸ்டெல்லா மேடம் ஓர் உறையை நீட்டினார். உள்ளே விருந்தினருக்குத் தருகிற வருகைப் படிவம் ஒன்று. மேலே என் பெயரை அவரே எழுதியிருந்தார். என் திட்டத்துக்குப் பிறகு அதில் சேர்ந்த ‘மண்டலம்’ என்ற கட்டம் காலி. கிம் சாரின் மஞ்சள் சீட்டைக் கோப்பிலிருந்து எடுத்து அதோடு இணைத்திருந்தார். ஒரே ஒரு பின்தான். தப்பி விழுந்ததா என்று பார்த்தேன். இல்லை, ஒன்றுதான் அடித்திருந்தார். பேப்பர் சுற்றியது.

"நெரப்பிக் கொண்டு வா, பாக்கலாம்" என்றார்.

உட்கார்ந்து பார்த்தேன், நிரப்ப முடியவில்லை. படப்பையில் பிறந்தேன். எங்கள் தெருவில் பாதிப் பேர் ஷிஃப்ட் நேரப்படிதான் தூங்கி எழுகிறார்கள். மாடியில் குடியிருக்கும் தூத்துக்குடிக்காரர்கள் பேசுவது கேட்டுக் கேட்டு எனக்கே "ஏலே" வந்துவிடுகிறது. பெட்டிக்கடையில் இந்தியில் சில்லறை கேட்கிறார்கள். கொரிய எழுத்தில் பலகை வைத்த ஓட்டலுக்கு எதிரே ஏரிக்கரையில் எருமை படுத்திருக்கிறது. கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகன் கோயில் வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் கம்பெனிச் சட்டையோடுதான் நிற்கிறார்கள். இதற்கு நிலம் இருக்கிறது, பழக்கம் இருக்கிறது. ஆகவே இதுவும் ஓர் உலக மண்டலம்தான், யாரும் வரைபடத்தில் தீட்டவில்லை, அவ்வளவுதான். இது எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்கவேண்டும்.

வரும் திங்கட்கிழமை காலை ஸ்ரீபெரும்புதூரில் பேருந்து ஏறுகிறேன். ஒரகடம் வழியாக மறைமலை நகர் வரை. மடியில் ஒரு டப்பா கேரட். அண்ணன்தான் தாளித்துத் தருகிறார், கடுகு போட்டுத்தான் தருவேன் என்று சொல்லிவிட்டார். பக்கத்தில் உட்கார்பவர்களிடம் டப்பாவை நீட்டப்போகிறேன். அதற்கப்புறம் என்ன கேட்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. முதலில் டப்பாவைத் திறப்பேன்.